கேமராவுக்கு முன் கேட்டைப் பாருங்கள்

கேள்வி: 40 தாய்ப்பன்றிகள் உள்ள பண்ணையை நடத்திவருகிறேன். பால் மறக்கடித்த ஒரு வாரத்துக்குள் குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டுவிடுகிறது. பத்தில் ஒன்று செத்துப்போகிறது. தீவனத்தில் மருந்து கலந்தால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. தீவனச் செலவு கட்டுப்படியாகாததால் உணவக மிச்சத்தை வாங்கிப் போடலாமா என்றும் யோசிக்கிறேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. அதற்குத் தடுப்பூசி வந்துவிட்டதாமே? இந்த நேரத்தில் ஒரு நிறுவனம் கேமரா, காதில் மாட்டும் மின்னணு வில்லை, இருமலைக் கேட்டுச் சொல்லும் கருவி, கைபேசிச் செயலி எல்லாம் சேர்ந்த தொகுப்பு ஒன்றை விற்க வந்திருக்கிறது. கடன் வாங்கி அதைப் போடலாமா? அப்படியே தாய்ப்பன்றிகளை 100 ஆக்கிவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே கடிதத்தில் ஐந்து கேள்விகளை அடைத்திருக்கிறீர்கள். அந்தத் தொகுப்பைப் பற்றிய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது வேண்டாம். அந்தக் கருவிகள் உதவாதவை என்பதால் இப்படிச் சொல்லவில்லை. சில கருவிகள் உண்மையிலேயே அருமையானவை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வுகளிலிருந்து வளர்ந்த இருமல் கண்காணிப்புக் கருவி கொட்டகைக் கூரையில் தொங்கியபடி இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருக்கும். சுவாச நோய் தலைகாட்டுவதை ஆள் கவனிக்கும் முன்பே சொல்லிவிடும். பன்றிகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக் குதறத் தொடங்குவதற்குச் சில நாள் முன்பிருந்தே வாலைத் தாழ்த்திக்கொள்கின்றன என்பதை ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் முப்பரிமாணக் கேமராவை வைத்துக் காட்டினார்கள். எல்லாம் சரிதான். ஆனால் உங்கள் குட்டிகளுக்கு இருமல் இல்லை, கழிச்சல்தான் இருக்கிறது. வால் கடியைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் பண்ணையில் இல்லாத தொல்லைக்குக் கடன் வாங்கிக் காவல் போட வேண்டாம் என்கிறேன்.

விற்பனையாளர் மறுபடி வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்தக் கருவி காட்டும் எண்ணைப் பார்த்து நாளைக் காலையில் நான் எதை மாற்றிச் செய்வேன்?" காய்ச்சலைக் காட்டும் வில்லை என்றால், காய்ச்சல் கண்டதும் அந்தப் பன்றியை ஒதுக்கிவைக்கத் தனி அறை உண்டா, அதைப் பார்க்க மருத்துவர் அன்றே வருவாரா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால் வில்லை தன் பாட்டுக்குச் சிவப்பு விளக்கை எரித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் நோய்க்கு வருவோம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் புதிதல்ல. கென்யாவில் அதைக் கண்டு மாண்ட்கோமரி என்ற கால்நடை ஆய்வாளர் 1921-லேயே எழுதிவைத்துவிட்டார். இப்போது உலகைச் சுற்றிக்கொண்டிருக்கும் வகை 2007-ல் ஜார்ஜியாவுக்குள் நுழைந்தது. கப்பலில் வந்து இறங்கிய உணவுக் கழிவைப் பன்றிகள் தின்றதுதான் தொடக்கம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பிறகு ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா என்று நகர்ந்து 2018 ஆகஸ்டில் சீனாவைத் தொட்டது. 2021-ல் கடல் தாண்டி டொமினிக்கன் குடியரசில் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்கு இது ஒட்டாது. பன்றிகளுக்குக் கடும் வகை வந்தால் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது.

வந்தால் ஒரே இரவில் கொட்டகை முழுவதும் சரிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்புதான் ஆபத்து. தொடக்கத்தில் இது மெல்லத்தான் நகரும். ஒரு தாய்ப்பன்றி தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். உடல் சூடு 41 டிகிரியைத் தாண்டியிருக்கும். காது நுனியும் அடிவயிறும் சிவந்து, பிறகு நீலம் பாரிக்கும். சில நாளில் செத்துப்போகும். பக்கத்து அறையில் எல்லாப் பன்றிகளும் வழக்கம்போலத் தின்றுகொண்டிருக்கும். சில நாள் கழித்து அதே அறையில் இன்னொன்று சாகும். இதற்குள் 'வெயில் தாக்கியிருக்கும்', 'பூஞ்சை பிடித்த தீவனமாக இருக்கும்' என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி முடித்திருப்பார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே ஊசியால் இருபது பன்றிகளுக்கு மருந்து ஏற்றுவார்கள். அதுவும் போதாமல், செத்ததைக் கொட்டகை வாசலிலேயே கிழித்துப் பார்ப்பார்கள். இந்த நச்சுயிரி இரத்தத்தில்தான் மிக அதிகமாக இருக்கும். கிழித்தவரின் கத்தி, செருப்பு, கழுவிய தண்ணீர் ஓடிய வாய்க்கால், வந்து உட்கார்ந்த ஈ, இழுத்துப்போன நாய் என்று அதற்குப் பிறகு கணக்கு வைக்க முடியாது.

ஆகவே, வளர்ந்த பன்றி கடும் காய்ச்சலில் செத்தால் கிழிக்காதீர்கள். பன்றிக்குப் பன்றி ஊசியை மாற்றுங்கள். அரசு கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லி, இரத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போய் பி.சி.ஆர். சோதனை முடிவு வரும்வரை கேட்டைப் பூட்டுங்கள். பன்றியும் வெளியே போகக் கூடாது, ஆளும் வீணாக வந்துபோகக் கூடாது. 'மிச்சமாவது காசாகட்டும்' என்று முடிவு வருவதற்குள் விற்றுத்தள்ளும் பன்றிகள்தான் நோயை அடுத்த பண்ணைகளுக்கு ஏற்றிச் செல்கின்றன. நோய் பரவிய நாடுகளில் எல்லாம் இதே கதைதான் நடந்தது.

சரி, வராமல் தடுப்பது எப்படி? காற்றில் வெகுதூரம் பறந்து வரும் நோயல்ல இது. யாராவது கொண்டுவந்து விட்டால்தான் வரும். வாங்கிவந்த பன்றி, பன்றி ஏற்றவந்த வண்டி, வேலையாள் சோற்றுப் பாத்திரத்தில் கொண்டுவந்த பன்றி இறைச்சித் துண்டு, உணவகக் கழிவு, சேறு ஒட்டிய காலணி, சில இடங்களில் காட்டுப்பன்றி, சில இடங்களில் உண்ணி. இந்தப் பட்டியலில் கேமராவால் தடுக்கக்கூடியது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் வண்டி. வியாபாரியின் வண்டி நேற்று எந்தப் பண்ணைக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் அது உங்கள் வேலிக்கு வெளியிலேயே நிற்கட்டும். வேலி ஓரத்தில் ஏற்றுமேடை ஒன்றைக் கட்டுங்கள். பன்றி உள்ளிருந்து வெளியே போகலாம், திரும்பி வரக் கூடாது. வண்டிக்காரர் மேடையின் அந்தப் பக்கம், உங்கள் ஆள் இந்தப் பக்கம். ஏறப்போன பன்றி ஒன்று மிரண்டு திரும்பி ஓடிவந்தால் அதை மறுபடி கொட்டகைக்குள் விடுவது எவ்வளவு இயல்பாக நடக்கும்! அதையும் தடுக்கிற மாதிரி ஒருவழிக் கதவு வையுங்கள்.

அடுத்து, கொட்டகை வாசல். பெரும்பாலான பண்ணைகளில் ஒரு தொட்டியில் கிருமிநாசினி கலந்து வைத்திருப்பார்கள். நான்கு நாள் பழைய தண்ணீர், மேலே மிதக்கும் வைக்கோல், அடியில் படிந்த சேறு. சாணமும் சேறும் இருக்கும் இடத்தில் பெரும்பாலான கிருமிநாசினிகள் வேலை செய்வதில்லை. அதனால் அந்தத் தொட்டியால் மன நிம்மதி கிடைக்கிறது, பாதுகாப்பு கிடைப்பதில்லை. இதைவிட டென்மார்க் பண்ணைகளில் செய்வது எளிது. வாசலின் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு பெஞ்சைப் போட்டுவிடுகிறார்கள். வெளிக் காலணியை இந்தப் பக்கம் கழற்றி, பெஞ்சில் உட்கார்ந்து காலைத் திருப்பி, அந்தப் பக்கத்தில் இருக்கும் உள் காலணியைப் போட்டு, கையைக் கழுவி, உடுப்பை மாற்றிக்கொண்டுதான் எழ வேண்டும். வெறுங்கால்கூட வெளித்தரையிலிருந்து உள்தரைக்கு நேராகப் போகக் கூடாது. ஒரு பலகையும் பத்து ஜோடி ரப்பர் பூட்ஸும் போதும். உள் பூட்ஸ் வேறு நிறத்தில் இருந்தால், யாராவது ஏமாற்றினால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முதலாளியும் மாற்ற வேண்டும். பெரும்பாலும் மாற்றாதவர் அவர்தான்.

புதிதாக வாங்கும் இளம் பெண் பன்றிகளைக் குறைந்தது 30 நாள் தனிக் கொட்டகையில், தனி ஆள், தனி வாளியோடு வைத்திருங்கள். இந்தக் காய்ச்சல் வெளிப்பட 4 முதல் 19 நாள் வரை ஆகலாம். ஆண் பன்றியை வாங்குவதைவிடச் சோதித்த நிலையத்திலிருந்து விந்து வாங்கிச் செயற்கைக் கருவூட்டல் செய்வது பல வகையில் நல்லது. கருப்பைக் கழுத்தைத் தாண்டிச் செலுத்தும் இப்போதைய மெல்லிய குழாயால், பழைய முறைக்குத் தேவைப்பட்ட விந்தணுக்களில் பாதியளவு போதும். கையில் கொஞ்சம் பயிற்சி மட்டும் வேண்டும்.

உணவக மிச்சம் வேண்டாம். 2001-ல் பிரிட்டனில் பரவிய கோமாரி நோய், சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைப் போட்ட ஒரு பன்றிப் பண்ணையிலிருந்துதான் கிளம்பியது என்று விசாரணையில் தெரிந்தது. நோயை அடக்குவதற்குள் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் நச்சுயிரி அதைவிடக் கெட்டி. குளிர்ந்த இறைச்சியிலும், உப்பிட்டு உலர்த்திய இறைச்சியிலும் மாதக்கணக்கில் தாங்கும். உறைந்த இறைச்சியில் ஆண்டுக்கணக்கில் தாங்கும். உணவுக் கழிவை அனுமதிக்கும் இடங்களிலும் கடுமையான விதி உண்டு. அமெரிக்கச் சட்டப்படி 100 டிகிரியில் 30 நிமிடம் கொதிக்க வேண்டும், அதற்கு உரிமமும் வேண்டும். பெரிய அண்டாவின் நடுவில் இருக்கும் எலும்புத் துண்டு வரை அந்தச் சூடு போக வேண்டும். நாள் தவறாமல், விறகு தீர்ந்த நாளிலும், வேலையாள் வராத நாளிலும் அது நடக்க வேண்டும். மிச்சப்படும் பணத்தை மொத்தப் பண்ணையையும் பணயம் வைத்துத்தான் மிச்சப்படுத்துகிறீர்கள்.

தடுப்பூசி உண்மைதான். வியட்நாம் 2022-ல் முதல் தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்தது. சில மாதங்களில் ஊசி போட்ட பன்றிகள் செத்ததால் நிறுத்திவைத்து, ஆய்வுக்குப் பிறகு 2023-ல் நாடு முழுவதும் விற்பனையை அனுமதித்தார்கள். மரபணு ஒன்றிரண்டை நீக்கி வலுவிழக்கச் செய்த, உயிருள்ள நச்சுயிரி அது. வளரும் இறைச்சிப் பன்றிகளுக்கு என்றுதான் பரிந்துரை. உங்கள் பண்ணையின் முதுகெலும்பான சினைப் பன்றிகளுக்கு அல்ல. உயிருள்ள நச்சுயிரி மற்ற பன்றிகளுக்குப் பரவுமா, களத்தில் உள்ள வகையோடு கலக்குமா என்ற கவலைகள் அறிவியல் உலகில் இன்னும் தீரவில்லை. உங்கள் நாட்டில் அரசு அனுமதித்தால், அரசு மருத்துவர் மேற்பார்வையில் போட்டுக்கொள்ளுங்கள். பையில் மறைத்துக் கொண்டுவந்து தருகிறேன் என்று எவராவது சொன்னால் கேட்டுக்கு வெளியிலேயே அனுப்பிவிடுங்கள். முறைகேடாகத் தயாரித்த ஊசிகள் நோயை அடக்குவதற்குப் பதிலாக, மெதுவாகவும் மறைந்தும் பரவும் வகைகளுக்கு வழி திறந்துவிடும். திடீரென்று கொல்லும் நோயையாவது கண்டுகொள்ளலாம். அரைகுறைக் காய்ச்சலோடு உலாவும் பன்றியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இனி, உங்களுக்கு உண்மையில் பணத்தைக் கரைத்துக்கொண்டிருக்கும் விஷயம்: பால் மறக்கடித்த குட்டிகளின் கழிச்சல்.

தாயைப் பிரித்த நாளில் குட்டிக்கு என்னென்ன நேர்கிறது என்று பாருங்கள். இடம் மாறுகிறது. முன்பின் தெரியாத குட்டிகளோடு சண்டை நடக்கிறது. ஏறக்குறைய மணிக்கொருமுறை கிடைத்த சூடான பாலுக்குப் பதிலாகத் தட்டில் உலர்ந்த தூள் இருக்கிறது. பல குட்டிகள் முதல் நாள் எதையும் தொடுவதில்லை. சில இரண்டு நாள்கூடப் பட்டினி கிடக்கும். அந்தப் பட்டினியில் சிறுகுடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிடுகின்றன. மூன்றாம் நாள் பசி பொறுக்காமல் வயிறு முட்டத் தின்கிறது. செரிக்க அமிலம் போதாது, உறிஞ்சக் குடலுக்குத் தெம்பு போதாது. செரிக்காத புரதம் கீழே இறங்கி ஈ.கோலை கிருமிக்கு விருந்தாகிறது. நான்காம் நாள், ஐந்தாம் நாள் கழிச்சல். நீங்கள் எழுதியிருக்கும் 'ஒரு வாரத்துக்குள்' என்ற கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது.

எனவே நோயோடு போராடுவதைவிட முதல் 48 மணி நேரப் பட்டினியோடு போராடுங்கள். முதலில் தண்ணீர். ஒரு அரை லிட்டர் பாட்டிலையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு குட்டிகளின் அறைக்குப் போங்கள். குடிக்கும் முனையை அழுத்திப் பிடித்து, பாட்டில் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். குட்டிகளுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் வர வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் வேண்டும், அது நாளொன்றுக்கு 20 முதல் 30 லிட்டர், சில நேரம் அதற்கு மேலும் குடிக்கும். குழாயின் கடைசியில் இருக்கும் அறையில்தான் சொட்டுச் சொட்டாக வரும், அந்த அறையில்தான் கழிச்சலும் அதிகமாக இருக்கும். இது பல பண்ணைகளில் கண்டது. நேர்மாறான தவறும் உண்டு: முனை பீய்ச்சி அடித்தால் சின்னக் குட்டி பயந்து விலகிவிடும்.

முதல் மூன்று நாள் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் கஞ்சிபோலக் கரைத்து, அகன்ற தட்டில், நாளுக்கு நான்கைந்து முறை, கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். எல்லாக் குட்டிகளும் ஒரே நேரத்தில் நின்று தின்னும் அளவுக்குத் தட்டு வேண்டும். தாயிடம் இருக்கும்போது அவை ஒன்றாகத்தான் பால் குடித்தன, இங்கேயும் ஒன்றாகத்தான் தின்னப் பார்க்கும். தரை உலர்ந்திருக்கட்டும். படுக்கும் இடத்தில் 28 முதல் 30 டிகிரி வரை சூடு வேண்டும். வெப்பமானியைச் சுவரில் உங்கள் கண் உயரத்தில் மாட்டாமல், குட்டியின் முதுகு உயரத்தில் மாட்டுங்கள். அதைவிட நல்ல வெப்பமானி குட்டிகளே. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர், பக்கவாட்டில் தொட்டும் தொடாமலும் நீட்டிப் படுத்திருந்தால் சரி.

எத்தனை நாளில் பால் மறக்கடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. 21 நாள் என்றால் 28 ஆக்குங்கள். அந்த ஒரு வாரத்தில் குடல் வெகுவாக முதிர்கிறது. தீவனத்தில் புரதத்தை ஏற்றினால் குட்டி வேகமாக வளரும் என்று தீவனக்காரர் சொல்வார். இந்த வயதில் எதிர்மாறு. கச்சாப் புரதத்தை 18 விழுக்காடு அளவுக்கு இறக்கி, குறைபடும் லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபன் ஆகிய அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கழிச்சலை அடக்க மருந்தளவு துத்தநாக ஆக்சைடைக் குட்டித் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனோடு நிறுத்தியபோது, அங்குள்ள பண்ணைகள் பெரிதும் நம்பியது இந்த வழியைத்தான்.

மருந்தை விட்டால் கழிச்சல் திரும்புகிறது என்றால், மருந்து காரணத்தைத் தொடவில்லை என்று பொருள். ஸ்வீடன் 1986-லேயே வளர்ச்சிக்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதைத் தடைசெய்தது. தொடக்கத்தில் உங்களுக்கு இருக்கும் இதே கழிச்சல் அங்கே ஏறியது. பால் மறக்கடிக்கும் வயது, அறைச் சுத்தம், தீவனம் ஆகியவற்றைத் திருத்தித்தான் மீண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006-ல் அந்தத் தடை வந்தது. 2015-ல் சீனாவில் பன்றிகளிடமிருந்தும் நோயாளிகளிடமிருந்தும் எடுத்த கிருமிகளில், கோலிஸ்டின் மருந்துக்கு அடங்காத தன்மையை ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் மரபணு இருப்பது தெரிந்தது. மருத்துவமனையில் மற்ற மருந்துகள் எல்லாம் தோற்ற பிறகு கையில் எடுக்கும் மருந்து அது. உங்கள் தீவனப் பையில் கலந்திருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள், அதுவாக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அடுத்த முறை கழிச்சல் தொடங்கும் நாளிலேயே, மருந்து கொடுக்காத நான்கைந்து குட்டிகளிடமிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எந்த வகை ஈ.கோலை, கூடவே ரோட்டா நச்சுயிரி உண்டா என்று தெரிந்துவிட்டால், அதற்கு வாய்வழித் தடுப்பு மருந்து பொருந்துமா என்று உங்கள் மருத்துவர் சொல்லிவிடுவார்.

இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு வேர் உண்டு. 40 தாய்ப்பன்றிகள் கண்ட கண்ட நாளில் குட்டி ஈன்றால், குட்டி அறை ஒருநாளும் முழுதாகக் காலியாகாது. பெரிய குட்டி விட்டுப்போன கிருமியைச் சின்னக் குட்டி எடுத்துக்கொள்ளும். சினைக்காலம் 114 நாள், பால் கொடுப்பது 28 நாள், மறுபடி சினைப்பருவம் வர 5 நாள், ஆக 147 நாள், சரியாக 21 வாரம். மூன்று வாரத்துக்கு ஒரு குழு என்று வைத்தால் ஏழு குழுக்கள், குழுவுக்கு ஐந்தாறு தாய்கள். ஒரு குழுவின் குட்டிகளை ஒரே நாளில் பால் மறக்கடித்து ஒரே அறைக்கு மாற்றி, ஒரே நாளில் காலி செய்யலாம். அறையைச் சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவி, கிருமிநாசினி அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். காய்வதுதான் முக்கியம். ஈரத்தோடு அடுத்த குழுவை ஏற்றினால் கழுவியதே வீண். எல்லாத் தாய்களையும் குழுவாகச் சேர்க்க ஏழெட்டு மாதம் பிடிக்கும், பொறுமை வேண்டும். ஆனால் இந்தப் பண்ணையில் செய்யக்கூடிய பெரிய 'நவீனமாக்கல்' இதுதான் என்பது என் எண்ணம். இதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை.

தீவனச் செலவைப் பற்றிச் சுருக்கமாக. மொத்தச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு தீவனம்தான் என்பதால், சின்ன ஓட்டையும் பெரிய நட்டம். தீவனத் தொட்டியின் தட்டைப் பாருங்கள். பாதித் தட்டு வெறுமையாகத் தெரிந்தால் சரி, முழுதும் மூடியிருந்தால் சிந்திக்கொண்டிருக்கிறது. அரைவை கரடுமுரடாக இருந்தால் முழுத் தானியம் சாணத்தில் வெளியே வரும், ஒரு கைப்பிடியைக் கழுவிப் பார்த்தாலே தெரியும். ஃபைட்டேஸ் நொதியைச் சேர்த்தால் தானியத்திலேயே இருக்கும் பாஸ்பரஸ் உடம்பில் சேரும், தனியாக வாங்குவது குறையும், சாணத்தால் நிலம் கெடுவதும் குறையும். மக்காச்சோளத்தில் பூஞ்சை உண்டா என்று கவனியுங்கள். சின்னப் பெண் குட்டிகளுக்கு, பருவம் வராமலேயே பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருந்தால், ஸியரலினோன் என்ற பூஞ்சை நஞ்சாக இருக்கலாம். அந்தத் தீவனத்தைத் தாய்ப்பன்றிகளுக்குப் போட்டால் சினை தங்காது.

இவ்வளவும் நடந்த பிறகு கருவி வாங்க ஆசை இருந்தால், நான் வாங்கச் சொல்லும் வரிசை வேறு. அறைக்கு ஒரு தண்ணீர் மீட்டர் முதலில். நோய் கண்ணுக்குத் தெரியும் முன்பே பல நேரம் தண்ணீர் குடிக்கும் அளவு மாறிவிடுகிறது. தினமும் ஒரே நேரத்தில் எண்ணைக் குறித்து, முந்தைய நாளோடு ஒப்பிட்டால் போதும். அடுத்து, சினை பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவி. கருவூட்டிய 21-ஆம் நாளை ஒட்டி மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று பார்த்து, நான்கைந்து வாரத்தில் கருவியை வைத்து உறுதி செய்தால், சினையில்லாமல் மாதக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும் பன்றி தெரிந்துவிடும். மூன்றாவது, வெப்பக் காலத்துக்கான ஏற்பாடு. பன்றிக்கு வியர்த்துத் தணியும் வசதி இல்லை. 25 டிகிரிக்கு மேல் போனால் பால் கொடுக்கும் தாய் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், பால் வற்றும். பக்கத்திலேயே கிடக்கும் பச்சைக் குட்டிக்கோ 34 டிகிரி வேண்டும். ஒரே அறைக்குள் இரண்டு பருவம்! அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் தாய்க்கு அடியில் குளிர்நீர் ஓடும் படுக்கைப் பலகையை உருவாக்கியிருக்கிறார்கள். அது கிடைக்கும்வரை, தாயின் கழுத்தில் மட்டும் சொட்டும் நீர்க்குழாயும் விசிறியும் நல்ல பலன் தரும். சொட்டும் நீர் குட்டிகளின் படுக்கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனையாளர்கள் காட்டும் வீடியோக்களில் சீனாவின் எஜோ நகரத்து 26 மாடிப் பன்றிக் கட்டடம் தவறாமல் இருக்கும். பார்க்க வியப்புதான், ஆனால் அதிலிருந்து உங்கள் பண்ணைக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது உள்ளே யார் போகலாம் என்ற கட்டுப்பாடு மட்டும்தான். மரபணு திருத்தப்பட்ட பன்றியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பி.ஆர்.ஆர்.எஸ். என்ற பன்றி நோயின் நச்சுயிரி உடம்புக்குள் நுழையப் பயன்படுத்தும் சிடி163 என்ற புரதத்தின் ஒரு பகுதியை நீக்கிய பன்றிகளுக்கு அமெரிக்காவில் 2025 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. கருச்சிதைவும் குட்டிச் சாவும் உண்டாக்கும் அந்த நோய்க்கு இது பெரிய செய்தி. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை அது தடுக்காது. இரண்டையும் குழப்பி விற்பவர்கள் வரக்கூடும்.

100 தாய்ப்பன்றிகளா? பத்தில் ஒரு குட்டி சாகும் பண்ணையை இரண்டரை மடங்காக்கினால் சாவும் இரண்டரை மடங்காகும். மூன்று குழுக்கள் வரிசையாகக் கழிச்சல் இல்லாமல் தாண்டட்டும், பிறகு பேசலாம். அதற்குள் ஒன்றைக் கணக்கிட்டுவையுங்கள்: இரண்டரை மடங்கு சாணமும் கழிவுநீரும் எங்கே போகும்? அதை ஏற்க நிலம் உண்டா, சாண எரிவாயுக் கலன் உண்டா? கூண்டில் அடைத்து வளர்க்கும் திட்டத்தோடு கட்டடம் போடுவதற்கு முன்பும் ஒருமுறை யோசியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல், கருவூட்டிய நான்கு வாரத்திலிருந்து ஈனுவதற்கு ஒரு வாரம் முன்புவரை சினைப் பன்றிகளைக் குழுவாகத்தான் வைக்க வேண்டும். கட்டடம் முப்பது ஆண்டு நிற்கும். சட்டமும் சந்தையும் அந்தப் பக்கம்தான் போகின்றன. இடத்தை அதற்கேற்ப விட்டுக் கட்டினால் பிறகு இடிக்க வேண்டாம்.

கழிவுக் குழியை ஆழமாக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. மூடிய குழியில் தேங்கிய சாணத்தைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு திடீரென்று கிளம்பும். அளவு அதிகமானால் அழுகல் முட்டை வாடைகூடத் தெரியாது, மூக்கு மரத்துவிடும். உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்து, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் செத்த விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. கலக்கும் நாளில் கொட்டகையில் ஆளையும் பன்றியையும் வைத்திருக்காதீர்கள், விசிறிகளை முழு வேகத்தில் ஓடவிடுங்கள், எந்தப் பொருள் விழுந்தாலும் யாரையும் குழிக்குள் இறங்கவிடாதீர்கள்.

ஆய்வக முடிவு வந்ததும், பால் மறக்கடிக்கும் நாள், குட்டித் தீவனப் பையின் சீட்டில் உள்ள புரத அளவு, ஒவ்வொரு அறையிலும் பாட்டில் நிறைய எடுத்த விநாடிகள் ஆகிய மூன்றையும் குறித்து மறுபடி எழுதுங்கள். தீவனக் கலவையை அதற்கேற்பத் திருத்தித் தருகிறேன்.